சுன்னாகத்துக் கிணறுகள் சொல்லும் வரலாறு

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நாடு முழுவதும் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றியும் அதன் முடிவைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால், யாழ். குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் மக்களின் முதற் பேச்சு தேர்தலாக இருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீராகவே இருந்தது. சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழை, உடுவில் ஆகிய ஊர்களில் அள்ளிய தண்ணீரில் எண்ணெய் மணத்தது. வாளியை வெயிலில் வைத்தால் மேலே நிறம் நிறமாக ஒரு படலம் மிதந்தது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வளவுக்குள்ளேயே குடிநீரைக் கண்ட குடும்பங்கள், பவுசர் வரும் நேரம் பார்த்து வீதியோரத்தில் குடங்களோடு காத்து நிற்கவேண்டிய நிலை ஏற்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டு சென்றனர். ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அந்தப் பரபரப்பு அடங்கி இப்போது பல வருடங்கள் கடந்துவிட்டன. பெரும்பாலானோர் அதனை ஒரு மின்நிலையம் கழிவு எண்ணெயைக் கொட்டியதால் நேர்ந்த விவகாரமாகவும், நீதிமன்றம் தீர்ப்பளித்ததுடன் முடிந்துபோன விவகாரமாகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது உண்மையின் ஒரு பகுதி மாத்திரமே. குடாநாட்டின் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இடையே கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலின் ஓர் அத்தியாயமே சுன்னாகம். அந்தக் கணக்கு இன்னமும் முடிக்கப்படவில்லை. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் நிலத்துக்கு அடியில் இருப்பது என்ன என்பதைப் பார்க்கவேண்டும்.

யாழ். குடாநாட்டில் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் கலக்கும் வழுக்கை ஆற்றை ஆறு என்று அழைப்பது ஊர்ப் பெருமையினால்தான். மலை கிடையாது, நீரைத் தேக்கிவைக்கக்கூடிய உயர்ந்த நிலமும் கிடையாது. இருப்பது மேலே மெல்லிய மண் படையும் கீழே சுண்ணாம்புக் கல்லும். பல மில்லியன் வருடங்களுக்கு முன்னர் மயோசீன் காலத்தில் கடலின் அடியில் உருவான அந்தக் கல், வெடிப்புகளும் துவாரங்களும் குகைகளும் நிறைந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் கிடைக்கும் மழைதான் இங்கு வருடத்தின் பெரும்பகுதி மழை. அந்த மழைநீர் மண்ணினூடாக இறங்கிக் கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. நான்கு புறமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்திருப்பதால், கல்லின் ஆழத்தில் உப்பு நீரும் இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு. உப்பு நீரின் அடர்த்தி கூடுதல். எனவே உப்பு நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. வலிகாமத்தின் கீழ் இருக்கும் வில்லையே மிகப் பெரியது. நிலவியலாளர்கள் அதற்குச் சுன்னாகத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இந்த மிதக்கும் நீருக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியாக வந்தடைந்த முடிவு அது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்தில் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பதே அதன் சாரம். இதனை மறுபக்கமாகப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 மீற்றர் வரை மேலெழுந்து வரக்கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்லச் சவர்.

எமது முன்னோருக்கு இந்தச் சூத்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதற்கு ஏற்றவிதமாக வாழத் தெரிந்திருந்தது. துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையால் இறைத்து வாய்க்காலில் ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய சேர் எமர்சன் டெனன்ட் யாழ்ப்பாணத்து விவசாயியின் இந்தக் கிணற்றுப் பாசனத்தையும் அவனது உழைப்பையும் வியந்து பதிவு செய்திருக்கிறார். மனிதரின் உடல் வலுவே அன்று இறைப்பின் எல்லையாக இருந்தது. மாலையில் ஆள் களைத்தால் கிணறும் ஓய்வெடுக்கும். இரவில் ஊற்று ஊறி மட்டம் பழையபடி உயரும். ஊர்கள் தோறும் குளங்களும் கேணிகளும் இருந்தன. அவற்றின் வேலை வயலுக்கு நீர் பாய்ச்சுவதை விடவும் மழைநீரைச் சில மாதங்கள் தடுத்து நிறுத்தி நிலத்துக்குள் இறங்கவிடுவதாகவே இருந்தது. கோவில் கேணியையும் மாடுகள் நீர் அருந்தும் குளத்தையும் ஊர் கூடித் தூர்வாரியதற்குப் பின்னால் பக்தி மட்டும் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்திய இரு தசாப்தங்களில் இந்தச் சமநிலை மாறியது. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்தன. மூவர் நாள் முழுவதும் செய்த வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. துலா மிதித்துக் கால் தேய்ந்த விவசாயிக்கு அது விடுதலை என்பதில் சந்தேகமில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் ஆட்சியில் இருந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டின் தோட்டங்களுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. கல்வீடுகள் எழுந்தன. பட்டதாரிகளும் மண்வெட்டி தூக்கினார்கள். அதே வேளையில் இறைப்பு பெருகியது; யூரியாவின் பாவனையும் பெருகியது. இயந்திரம் களைப்பதில்லை. கிணறு ஓய்வெடுத்த இரவுகள் குறைந்தன.

இதன் விளைவுகள் 1980களில் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு வகுத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. தோட்டத்துப் பசளையும், கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை நைத்திரேற்று பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. சுண்ணாம்புக் கல்லின் இயல்பு அப்படிப்பட்டது. களிமண் நிலம் அழுக்கைப் பிடித்துவைக்கும். வெடிப்பு நிறைந்த கல் எதனையும் தடுத்து நிறுத்தாது. மேலே எதைக் கொட்டுகிறோமோ அது கீழே போகும். ஒருவரின் வளவில் இறங்குவது அடுத்தவரின் கிணற்றில் தெரியும்.

அந்த எச்சரிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்னதாகப் போர் வந்துவிட்டது. 1990 ஜூனில் மீண்டும் வெடித்த போருடன் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி என்று ஒரு நீண்ட பட்டியலுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெய் பொன்னைப் போலானதால் இறைப்பு இயந்திரங்கள் பல ஓய்ந்தன. மறந்துபோன துலாக்கள் சில மீண்டும் கிணற்றடிக்கு வந்தன. யூரியாவும் கிடைக்கவில்லை. மனிதர் பட்ட துன்பத்துக்கு எந்த ஈடும் இல்லை. ஆனால் நிலத்தடி நீருக்கு மாத்திரம் அந்த ஆண்டுகள், எவரும் விரும்பாத முறையில், ஓர் இடைவேளையாக அமைந்தன என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

1995, 1996 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின் பின்னர் குடாநாடு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோதும் வன்னிப் பெருநிலப்பரப்பு இடையில் கிடந்தது. தேசிய மின்வலையமைப்பின் கம்பிகள் அதனூடாக வர வழியிருக்கவில்லை. 2002 சமாதான உடன்படிக்கையுடன் திறந்த ஏ-9 வீதியும் 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. கப்பலில் வரும் எண்ணெயை எரித்து உள்ளூரிலேயே மின்சாரம் பிறப்பிப்பதே எஞ்சியிருந்த ஒரே வழி. சுன்னாகத்தில் மின்சார சபையின் நிலம் இருந்தது. அங்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்பிறப்பாக்கிகள் நிறுவப்பட்டன. போரின் இறுதியாண்டுகளில் நோதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனியும் அந்த வளாகத்திலேயே எண்ணெயில் இயங்கும் நிலையமொன்றை அமைத்து மின்சார சபைக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பல வருடங்கள் இருளில் கிடந்த மக்களுக்கு வெளிச்சம் வந்தபோது அதன் விலையைப் பற்றி எவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கும் மனநிலையிலும் இருக்கவில்லை. சோதனைச் சாவடியும் ஊரடங்கும் காணாமற்போதல்களும் அன்றாட வாழ்க்கையாக இருந்த ஊரில், மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் எங்கே போகிறது என்று விசாரிப்பதற்கு யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? சாதாரண காலத்தில் ஒரு மின்நிலையம் அமைவதற்கு முன்னர் செய்யப்படவேண்டிய சுற்றாடல் மதிப்பீடு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டல், தொடர் கண்காணிப்பு என்பனவெல்லாம் போர்க்காலத்தில் ஆடம்பரமாகத் தோன்றின. நீர்க்கட்டமைப்புகளில் எல்லாம் மிகவும் பலவீனமான ஒன்றின் மேல், அதன் நடு மையத்தில், எண்ணெய்த் தாங்கிகளும் கழிவுக் குழிகளும் உருவானதற்குப் பின்னால் இருந்த சூழல் இதுதான்.

போர் 2009இல் முடிந்தது. 2013இல் மின்சார சபையின் சொந்த நிலையமான 24 மெகாவாட் 'உத்துரு ஜனனி' சுன்னாகத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டில் கிளிநொச்சியினூடாகத் தேசிய மின்வலையமைப்பும் குடாநாட்டை மீண்டும் வந்தடைந்தது. அதாவது, உள்ளூரில் எண்ணெய் எரிக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்துகொண்டிருந்த வேளையில்தான் கிணறுகளில் எண்ணெய் தென்படத் தொடங்கியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அதிகாரிகள் 2013க்கும் 2014க்கும் இடையில் அப்பகுதியில் 150 கிணறுகளைப் பரிசோதித்தார்கள். 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தன. நூற்றுக்கு 73 வீதம்.

அதன் பின்னர் நடந்தவை எமது நிருவாகங்கள் மீது பெருமை கொள்ளக்கூடியவை அல்ல. எண்ணெய் யாருடையது என்பதில் முதலில் தகராறு. தனியார் நிலையத்துடையது என்றனர் சிலர். போர்க்காலத்தில் பழைய மின்நிலையத்தின் தாங்கிகள் சேதமடைந்து கசிந்த எண்ணெய் என்றனர் வேறு சிலர். பிறகு எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே தகராறு. மத்திய அரசின் கீழ் இயங்கும் நீர் வழங்கல் சபையின் ஆய்வு ஒன்றைச் சொன்னது. மக்கள் பெரும் எதிர்பார்ப்புடன் தெரிவுசெய்த வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, தீங்கு பயக்கும் சேர்வைகள் தண்ணீரில் இல்லை என்ற பொருளில் வேறொன்றைச் சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல் தவித்தது கிணற்றடியில் நின்ற குடும்பத் தலைவிதான். சுயாட்சி கேட்டுப் போராடிய ஒரு சமூகத்தின் முதலாவது மாகாண சபை, தனது மக்களின் குடிநீர் பற்றிய கேள்விக்கு எல்லோரும் ஏற்கத்தக்க ஒரு பதிலைக்கூட அளிக்க இயலாமற்போனது அந்த நாட்களின் மிகப் பெரிய ஏமாற்றங்களில் ஒன்று. கொழும்பின் அலட்சியத்தைச் சுட்டுவதில் எமக்கு நீண்ட பழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தின் அலட்சியத்தைச் சுட்டுவதில் அந்தப் பழக்கம் இல்லை.

மக்களின் அழுத்தத்தின் பேரில் விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிவான் நீதிமன்றத்தின் உத்தரவினால் தனியார் நிலையத்தின் செயற்பாடு நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தவர் ஒரு சிங்களச் சுற்றாடல் ஆர்வலர் என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனத்தில் கொள்ளவேண்டும். காரியவசம் எதிர் மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்று அறியப்படும் அந்த வழக்கின் தீர்ப்பு 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வழங்கப்பட்டது. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய அந்த விரிவான தீர்ப்பு, மின்நிலையத்தின் செயற்பாடு நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்ற முடிவுக்கு வந்து, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு கம்பனிக்கு உத்தரவிட்டது. கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்கள் தங்களது கடமையை எவ்வாறு நிறைவேற்றின என்பதையும் அது ஆராய்ந்தது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும். ஆபத்து முழுமையாக நிரூபிக்கப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையுடன் நடக்கவேண்டும். இந்த இரண்டு கோட்பாடுகளும் இலங்கைச் சட்டத்துக்குள் வேர்விட்டதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. டான்யூப் நதியின் அணைத் திட்டம் தொடர்பில் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்த எமது நாட்டு நீதியரசர் சி.ஜி. வீரமந்திரி 1997இல் எழுதிய தனித் தீர்ப்பில், பண்டைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் எடுத்துக்காட்டி, நிலமும் நீரும் ஆட்சியாளரின் உடைமை அல்ல, அவரது பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டவை என்ற கருத்தை வலியுறுத்தினார். அதே கருத்தைப் பின்பற்றி 2000ஆம் ஆண்டில் எப்பாவலை பொஸ்பேற் அகழ்வு வழக்கில் உயர் நீதிமன்றம் அநுராதபுரத்து விவசாயிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எப்பாவலையில் காப்பாற்றப்பட்ட சிங்கள விவசாயியின் நிலமும் சுன்னாகத்துத் தமிழ்க் குடும்பத்தின் கிணறும் ஒரே சட்டக் கோட்பாட்டின் நிழலில் நிற்கின்றன. இனப்பிரச்சினை பற்றியே எழுதி எழுதிப் பழகிய எமது பேனாக்கள் இதனைப் போதிய அளவு பதிவு செய்யவில்லை.

ஆனால் தீர்ப்பு எண்ணெயை வெளியே எடுத்துவிடாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்ததை உறிஞ்சி எடுக்கும் கருவி எதுவும் கிராமத்துக் கிணற்றடியில் கிடையாது. வருடாவருடம் மழை கழுவிச் செல்லும் வரை காத்திருப்பதே பெரும்பாலும் வழி. நம்பிக்கை போன கிணற்றுக்குப் பதிலாக என்ன? இங்குதான் கதை மறுபடியும் மின்சாரத்திடம் வந்து சேருகிறது.

குடாநாட்டுக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் யோசனை புதியதல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளரான எஸ். ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னியில் பெய்யும் மழை கனகராயன் ஆற்றின் வழியாக ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு வந்து வீணே கடலில் கலக்கிறது. நீரேரியின் கிழக்கு முனையைச் சுண்டிக்குளத்தில் அடைத்து அதனை நன்னீராக மாற்றுவது. முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி அந்த நீரை வடமராட்சி நீரேரிக்குத் திருப்புவது. தொண்டைமானாற்றில் தடுப்பணை அமைத்துக் கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பது. இவையே அதன் பிரதான அம்சங்கள். தொண்டைமானாற்று அணை கட்டப்பட்டது. ஏனைய வேலைகளில் சில தொடங்கப்பட்டுச் சிதைந்தன, கால்வாய் முற்றுப்பெறவில்லை. அந்தத் திட்டத்தின் அழகு, அது எரிபொருளை வேண்டவில்லை என்பதில் இருந்தது. மழையும் நிலத்தின் சரிவும் வேலையைச் செய்யும். நிலத்தடி வில்லை தானாகக் கனக்கும்.

போருக்குப் பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயல்கள் வரண்டுவிடும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. தாகத்தில் நின்றவர்களின் கோரிக்கையும் நியாயமானது. தமிழர் தரப்புக்குள்ளேயே தீர்த்துவைத்திருக்கவேண்டிய அந்த முரண்பாட்டை எவராலும் தீர்க்க முடியவில்லை. கடைசியில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்ட கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவினால் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரை உற்பத்தி செய்யும் ஆற்றல் கொண்டது அது. வெளியேற்றப்படும் உப்புச் செறிந்த நீர் தங்கள் தொழிலைப் பாதிக்கும் என்று கடற்றொழிலாளர்கள் ஆட்சேபித்ததும் பதிவில் இருக்கிறது.

கடல்நீரை மென்சவ்வினூடாக அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பதற்கு மிகுந்த சக்தி வேண்டும். இன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு கன மீற்றர் நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். முழு ஆற்றலுடன் இயங்கினால் தாளையடி நிலையத்துக்கு நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகுகள் வரை தேவைப்படும் என்று ஒரு பாடசாலை மாணவனே பெருக்கிச் சொல்லிவிடுவான். அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பிலிருந்து வருகிறது. வலையமைப்பின் பெரும் தூண்களில் ஒன்று நுரைச்சோலையில் நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாட் நிலையம். நிலக்கரியின் புகை வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. சூடாகும் உலகில் கடல் உயர்கிறது. காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கு இடையிலான குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிவருகிறது. கடல் உயர உயர, தாழ்ந்த கரைகளையும் தீவுகளையும் கொண்ட குடாநாட்டில் நன்னீர் வில்லையின் ஓரங்களை உப்பு அரிக்கும். நுரைச்சோலையின் பங்கு உலகக் கணக்கில் மிகச் சிறியதுதான். ஆனால் வட்டம் எப்படிச் சுழல்கிறது என்பதைப் பாருங்கள். அன்று மின்சாரத்துக்காகத் தண்ணீரைப் பறிகொடுத்தோம். இன்று தண்ணீருக்காக மின்சாரத்தைச் செலவிடுகிறோம். அந்த மின்சாரத்தைப் பிறப்பிக்கும் முறை, எஞ்சியிருக்கும் தண்ணீரையும் மெல்ல மெல்லக் கேட்கிறது.

2022இல் நாடு அந்நியச் செலாவணியின்றி முடங்கி, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தபோது, மின்சாரத்தில் தங்கியிருக்கும் தண்ணீர் எத்தகைய தண்ணீர் என்பதை எவரும் சிந்தித்திருக்கலாம். குழாய்க்கும் மோட்டாருக்கும் உயிர் இல்லை. அன்று வாளியும் கயிறும் இருந்த வீட்டில் தண்ணீர் இருந்தது.

மத்திய தரைக்கடலில் உள்ள மால்ட்டா எமக்குப் படிப்பினை தரக்கூடிய நாடு. அதுவும் சுண்ணாம்புக் கல் தீவு; ஆறு இல்லை; உப்பின் மேல் மிதக்கும் நன்னீர். நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்தும் பசளையால் மாசுபடுத்தியும், இன்று குடிநீரில் பாதிக்கு மேல் கடலைச் சுத்திகரித்தே பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்வ வளத்தில் ஒரு சிறிய நாடு அந்தச் செலவைத் தாங்கலாம். கடனில் கட்டி, கடனில் நிலக்கரி வாங்கும் நாடு எத்தனை காலம் தாங்கும்?

தாளையடி நிலையம் தவறு என்று சொல்வது எமது நோக்கமல்ல. உவர் நீரைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று அஞ்சும் தீவகத்து மக்களிடம் போய் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கடலிலிருந்து குழாய் வந்துவிட்டது, இனிக் கிணறு எதற்கு என்ற எண்ணம் பரவுமானால் அதுவே சுன்னாகத்தில் மிதந்த எண்ணெயைவிடப் பெரிய ஆபத்தாக முடியும். பாவனையில் இல்லாத கிணற்றைப் பாதுகாக்க யாரும் போராடுவதில்லை. அதற்குள் குப்பை கொட்டுவார்கள். குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிணறுகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவை அனைத்தும் ஒரே நீரில் இறங்கிய கிணறுகள் என்பதை மறக்கக்கூடாது.

செய்யக்கூடியவை எவருக்கும் தெரியாதவையும் அல்ல. தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் மீட்பது. குளத்தை நிரப்பிக் கட்டடம் எழுப்புவதை உள்ளூராட்சி சபைகள் நிறுத்துவது. கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் இடையிலான தூரத்தைச் சட்டத்தில் மட்டுமன்றி நிலத்திலும் அளப்பது. பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றும் வாகனத் திருத்தகங்களைக் கேள்வி கேட்பது. ஆறுமுகத்தின் திட்டத்தை இன்றைய அறிவுடன் மறுபரிசீலனை செய்வது. வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள வடக்கில் அவற்றிலிருந்து பெறும் மின்சாரத்தை முதலில் தண்ணீருக்குப் பயன்படுத்துவது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 13ஆவது திருத்தத்தின் கீழான அதிகாரங்களே போதும். இந்தியாவிடமோ ஜெனீவாவிடமோ முறையிடவேண்டியதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் உழைத்த பணம் ஊரில் வீடுகளாக எழுகிறது. முற்றம் முழுவதும் சீமெந்தும் பூட்டுக் கற்களும் பதிக்கப்படுகின்றன. கூரையின் மழைநீர் குழாய் வழியாக வீதிக்கு ஓடி, வீதியிலிருந்து கடலுக்குப் போகிறது. வளவின் மூலையில் குழாய்க் கிணறு ஆழமாக இறங்குகிறது. ஊர்ப் பாசத்தில் கட்டிய வீடு ஊரின் தண்ணீரைத் தடுக்கிறது. முற்றத்தின் ஒரு பகுதியை மண்ணாகவே விட்டு, கூரைத் தண்ணீரைக் கிணற்றடிக் குழியில் இறங்கச் செய்தால், கோவில் கோபுரத்துக்குக் கொடுக்கும் நன்கொடையை விட அது எந்த விதத்திலும் குறைந்த புண்ணியமாகாது.

இந்த மண்ணுக்காக எத்தனையோ ஆயிரம் பேர் உயிரைக் கொடுத்தார்கள். மண் என்று நாம் சொன்னபோதெல்லாம் அதன் எல்லைகளையே நினைத்தோம். அதன் அடியில் இருந்த தண்ணீரை நினைக்கவில்லை. எல்லைகள் பற்றிய வாதம் இன்னும் பல வருடங்கள் தொடரலாம். உப்பு நீர் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.